போன வேலை ஒருவருடையது, வந்த வேலை இன்னொருவருக்கு

கேள்வி இதுதான்: வளரும் நாடு ஒன்று இறக்குமதி வரியைக் குறைத்து, உலகச் சந்தையோடு வர்த்தகத்தைப் பெருக்கிக்கொண்டால் அங்கே வேலைவாய்ப்பு கூடுமா, குறையுமா? ஏற்றுமதி பெருகினால் வேலை பெருகும் என்கிறார்கள் ஒரு சாரார். வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்தால் உள்நாட்டுத் தொழில் படுத்துவிடும் என்கிறார்கள் இன்னொரு சாரார். எது சரி?

இரண்டுமே நடக்கிறது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் நடக்கிறது. அதனால் கூட்டிக் கழித்து ஒற்றை எண்ணைத் தேடினால் விஷயம் கைக்குப் பிடிபடாது. பல ஆண்டுகளாக இதைப் படித்தும் பாடம் நடத்தியும் வருகிற நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது: வர்த்தகம் ஒரு நாட்டின் மொத்த வேலை எண்ணிக்கையை மாற்றுவதைவிட, எந்த வேலை, எந்த ஊரில், யாருக்கு என்பதைத்தான் அதிகம் மாற்றுகிறது. வேலையை இழந்தவருக்கும் வேலை கிடைத்தவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாடநூல்கள் 1817இல் தொடங்கும். டேவிட் ரிக்கார்டோ இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் ஒயினையும் வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டையுமே போர்ச்சுகல் குறைந்த உழைப்பில் செய்துவிடும் என்றாலும்கூட, அது ஒயினை மட்டும் செய்து துணியை இங்கிலாந்திடம் வாங்கிக்கொண்டால் இரண்டு நாட்டுக்கும் லாபம். கணக்கில் பிழையில்லை. ஆனால் அதன் அடியில் ஓர் அனுமானம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது: தறியை விட்டு எழுந்த போர்ச்சுகல்காரர் மறுநாளே திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார் என்பது. அவருக்கு அந்த வேலை தெரியுமா, தோட்டம் எவ்வளவு தொலைவு, அதுவரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதெல்லாம் கணக்குக்குள் வரவில்லை.

1941இல் ஸ்டோல்பர், சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் இன்னொரு முடிவைச் சொன்னார்கள். ஆள்பலம் அதிகமாகவும் மூலதனம் குறைவாகவும் உள்ள நாடு வர்த்தகத்துக்குத் திறந்தால், உழைப்பாளியின் கூலி உயரும். அந்த நாடு ஆள் அதிகம் தேவைப்படும் பொருள்களைத்தான் வெளியே விற்கும் என்பதால் ஆளுக்குக் கிராக்கி ஏறும். ஏழை நாடுகளுக்கு வர்த்தகத்தைத் திறக்கச் சொன்ன பலரும் மனதில் வைத்திருந்த நம்பிக்கை இதுதான்.

அந்த நம்பிக்கை பலித்த இடங்கள் உண்டு. வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளலாம். 1979இல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற அந்நாட்டு நிறுவனம், தென்கொரியாவின் டேவூவோடு ஒப்பந்தம் போட்டுத் தன் ஆட்கள் 130 பேரைப் பயிற்சிக்கு பூசான் நகரத்துக்கு அனுப்பியது. டேவூவுக்கு அதில் ஒரு காரணம் இருந்தது. பணக்கார நாடுகள் 1974 முதல் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு ஆடைதான் வாங்குவோம் என்று கோட்டா வைத்திருந்தன. கொரியாவின் கோட்டா இறுகிக்கொண்டிருந்தது. வங்கதேசத்துக்கு அந்த நெருக்கடி அப்போது இல்லை. போனவர்கள் துணி வெட்டுவது, தைப்பது, தரம் பார்ப்பது, வெளிநாட்டு ஆர்டரைக் குறித்த தேதிக்குள் முடிப்பது என்று எல்லாம் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறிவிட்டார்கள். சிலர் வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள், சிலர் சொந்தமாகத் தொழிற்சாலை போட்டார்கள். அந்த நிறுவனத்துக்கு அது இழப்புதான். நாட்டுக்கோ, தொழில் தெரிந்தவர்கள் நாலா பக்கமும் பரவினார்கள். இன்று அங்கே சுமார் 40 லட்சம் பேர் ஆயத்த ஆடைத் தொழிலில் இருக்கிறார்கள். ஏற்றுமதி வருவாயில் 80 விழுக்காட்டுக்கு மேல் அதிலிருந்துதான் வருகிறது.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு பகுதி இருக்கிறது. அன்று வங்கதேசத்தில் ஏற்றுமதித் தரத்தில் துணி நெய்ய வசதி இல்லை. துணி, பட்டன், ஜிப், லேபிள் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். அவற்றுக்கு வரி கட்டி, கைப்பணம் போட்டு வாங்கித் தைத்திருந்தால் ஒரு சட்டைகூட விலை கட்டியிருக்காது. அரசு இரண்டு ஏற்பாடுகள் செய்தது. ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரியில்லாமல் கொண்டுவந்து சுங்கக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு வியாபாரி திறந்த கடன் உறுதிக் கடிதத்தையே, அதாவது சரக்கை அனுப்பினால் பணம் தருவதாக அவருடைய வங்கி எழுதிக்கொடுக்கும் உறுதியையே, ஈடாகக் காட்டி, அதன் மேல் துணி வாங்க இன்னொரு கடிதம் திறந்துகொள்ளலாம். சட்டை விற்ற பணம் வந்ததும் துணிக்கான கடன் தீரும். கையில் பெரிய முதல் இல்லாதவர்களும் தொழிலுக்குள் வர இது வழி விட்டது.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது? இறக்குமதி என்றாலே வேலையைப் பறிப்பது என்று நினைக்கக் கூடாது. ஒருவருக்கு முடிந்த பொருளாக இருப்பது அடுத்தவருக்கு மூலப்பொருள். நூலுக்கு வரி போட்டால் நூற்பாலையில் சில வேலைகள் தப்பிக்கும். அந்த நூலை நம்பியிருக்கும் தறியிலும் தையல் கூடத்திலும் அதைவிட அதிக வேலைகள் போகலாம். நூற்பாலைகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து அமைச்சரைப் பார்க்க முடியும். வராமலே போன தையல் வேலைக்காகப் பேச ஆள் இருக்காது. அதனாலேயே இந்த வகை இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

வந்த வேலை யாருடைய வாழ்க்கையை எப்படித் தொட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு எட்டும் தூரத்தில் இருந்த கிராமங்களில் பெண்பிள்ளைகளின் திருமணம் தள்ளிப்போனதையும் அவர்கள் கூடுதல் ஆண்டுகள் படித்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் மெக்சிகோவில் நேர்மாறாக நடந்தது. 1986 முதல் 2000 வரை அங்கே ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகியதை ஆராய்ந்த டேவிட் அட்கின் கண்டது: புதிதாக வந்த ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு வரை போக வேண்டியது, ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். வாசலில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கிறது, இந்த வாரமே சம்பளம். இன்னும் மூன்று ஆண்டு படித்தால் என்ன கிடைக்கும் என்பது யாருக்கும் நிச்சயமில்லை. அந்தப் பிள்ளை எடுத்த முடிவைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பத்து ஆண்டு கழித்து அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டால், நடுவில் நின்றுபோன படிப்பு திரும்பி வராது.

இதன் பக்கத்தில் டெல்லியைச் சுற்றி நடந்த ஒரு சோதனையை வைத்துப் பார்க்கலாம். வெளிநாட்டு நிறுவனங்களின் அலுவலக வேலைகள் இந்தியாவுக்கு வர ஆரம்பித்திருந்த 2000களில், ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 160 கிராமங்களை எடுத்துக்கொண்டார். அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்த 80 கிராமங்களுக்கு மட்டும், கால் சென்டர் போன்ற இடங்களுக்கு ஆள் எடுப்பவர்களை மூன்று ஆண்டுகள் அனுப்பி, பெண்களுக்கு இந்த வேலைகளைப் பற்றிச் சொல்ல வைத்தார். அந்தக் கிராமங்களில் இளம்பெண்கள் திருமணத்தைத் தள்ளிப்போட்டார்கள், கூடுதலாகப் படித்தார்கள், பயிற்சிகளில் சேர்ந்தார்கள். வேலைக்குப் போகும் வயது வராத சிறுமிகளையும் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். மெக்சிகோவில் கிடைத்த வேலைக்குப் படிப்பு தேவைப்படவில்லை. இங்கே படித்தால்தான் வேலை. இரண்டையும் தந்தது வெளிநாட்டு வர்த்தகம்தான். எத்தனை வேலை வந்தது என்பதோடு நிற்காமல், வந்த வேலை எதைக் கேட்கிறது என்றும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி வேலை போகும் பக்கம். பிரேசில் 1990 முதல் 1995க்குள் தன் சராசரி இறக்குமதி வரியைச் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. எல்லாத் தொழிலுக்கும் ஒரே அளவில் குறையவில்லை. அதனால் சில வட்டாரங்களுக்கு அடி பலமாக விழுந்தது, சிலவற்றுக்கு லேசாக. சில ஆண்டு கஷ்டப்படுவார்கள், பிறகு ஆட்கள் வேறு ஊருக்கு நகர்வார்கள், எல்லாம் சமனாகிவிடும் என்பதுதான் பொருளியலாளர்களின் எதிர்பார்ப்பு. டிக்ஸ்-கார்னேரோ, கோவாக் என்ற இருவர் இருபது ஆண்டுத் தரவை எடுத்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. பலமாக அடி வாங்கிய வட்டாரங்களில் முறையான வேலையில் கிடைத்த வருமானம் மற்ற இடங்களைவிடப் பின்தங்கியதோடு நிற்கவில்லை. அந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. இருபதாவது ஆண்டில் அது பத்தாவது ஆண்டில் இருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமாகத் தோன்றும் முடிவு இது. ஓர் ஊரில் பெரிய ஆலை மூடினால் அதோடு முடிவதில்லை. அதற்கு உதிரிபாகம் செய்த பட்டறை படுக்கிறது, வேறு முதலாளி அந்த ஊரில் முதலீடு போடத் தயங்குகிறார், இருக்கும் ஆலைகளும் மெல்ல மெல்ல இடம் மாறுகின்றன.

வேலை போனவர்கள் ஊரை விட்டுப் போகவுமில்லை. போ என்று சொல்வது எளிது. சொந்த வீடு அங்கே இருக்கிறது, வயதான பெற்றோர் இருக்கிறார்கள், அவசரத்துக்குக் கடன் கொடுக்கும் உறவு இருக்கிறது. அரசு உதவி பலமாக இல்லாத நாட்டில் அந்த உறவு வலைதான் ஒருவருக்கு இருக்கும் ஒரே காப்பீடு. இந்தியாவில் 1991க்குப் பிறகு நடந்த வரிக் குறைப்பை ஆராய்ந்த பெட்டியா டோபலோவாவும் இதே போன்ற ஒன்றைத்தான் கண்டார். நாடு முழுவதும் வறுமை குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், வரிக் குறைப்பின் தாக்கம் அதிகமாக இருந்த கிராமப்புற மாவட்டங்களில் அது மெதுவாகக் குறைந்தது. ஆட்கள் இடம் மாறுவது மிகக் குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெரிய பாதிப்பு இல்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பணக்கார நாட்டில் வேலை போனவர் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேறு வேலை தேடலாம். அவர் வேலையில்லாதவர் என்று கணக்கில் வருவார். ஏழை நாட்டில் சும்மா இருக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆலையில் மெஷின் ஓட்டியவர் அடுத்த மாதம் தள்ளுவண்டியில் ஏதாவது விற்பார், கட்டட வேலைக்குக் கல் சுமப்பார், அண்ணனின் அரை ஏக்கரில் கூடமாட வேலை செய்வார். புள்ளிவிவரத்தில் அவர் வேலையில் இருப்பவர்தான். ஆனால் சம்பளச் சீட்டு, விடுப்பு, வைப்பு நிதி எதுவும் இருக்காது. உலகில் வேலை செய்வோரில் 60 விழுக்காட்டுக்கும் மேல், சுமார் 200 கோடிப் பேர், இப்படி முறைசாரா வேலையில் இருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. பிரேசிலில் வேலை இழந்தவர்களில் பலர் சில ஆண்டுகள் வேலையின்றி இருந்துவிட்டுக் கடைசியில் வந்து சேர்ந்ததும் அங்கேதான்.

இதே பாதை எதிர்த்திசையிலும் ஓடும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. 2001 டிசம்பரில் அமெரிக்காவுடன் போட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், வியட்நாம் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த வரி சராசரியாக 23 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வீட்டோடு சிறு தொழில் செய்துகொண்டிருந்தவர்கள், குறிப்பாக இளைஞர்கள், பதிவு பெற்ற நிறுவனங்களுக்குச் சம்பள வேலைக்கு நகர்ந்தார்கள். தன் வரியைக் குறைப்பதும் அடுத்தவர் வரி குறைவதும் வேலைச் சந்தையில் வேறு வேறு விஷயங்கள். இரண்டையும் 'தாராளமயம்' என்ற ஒரே பெயரில் பேசுவதால்தான் பாதி விவாதம் குழம்பிப்போகிறது.

விவசாயத்தில் நிலைமை இன்னும் கடினம், ஏனென்றால் ஏழை நாட்டின் உழைப்பாளிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். ஹெய்ட்டி 1990களின் நடுவில் அரிசி மீதான இறக்குமதி வரியை 3 விழுக்காட்டுக்குக் குறைத்தது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி மலிவாக வந்து இறங்கியது. 1980களின் தொடக்கத்தில் தனக்குத் தேவையான அரிசியை ஏறக்குறைய தானே விளைவித்துக்கொண்ட நாடு, இன்று உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அந்தக் கொள்கையை ஊக்குவித்த பில் கிளின்டன், 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் அது தவறு என்று ஒப்புக்கொண்டு, அதன் விளைவோடு தான் தினமும் வாழ வேண்டியிருக்கிறது என்றார். மலிவான அரிசியால் நகரத்துக் கூலித் தொழிலாளிக்கு நன்மை உண்டு என்பதும் உண்மை. நிலமில்லாதவரும் அரிசி வாங்கித்தான் தின்ன வேண்டும். ஆனால் வயலில் நடவும் அறுவடையும் போன பிறகு, மலிவு அரிசியை வாங்க அவருக்குக் காசு எங்கிருந்து வரும்? நகரத்தில் வேறு வேலை இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்கும். ஹெய்ட்டியில் போதுமான அளவுக்கு இல்லை.

ஏற்றுமதி என்றாலே வேலை என்பதும் பாதி உண்மைதான். நைஜீரியாவின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. அந்நாட்டு உழைப்பாளிகளில் அந்தத் துறை வேலை கொடுப்பது மிகச் சிறு பங்கினருக்கு. அதோடு, எண்ணெய்ப் பணம் குவியும்போது நாணயத்தின் மதிப்பு ஏறி, மற்ற ஏற்றுமதிப் பொருள்கள் வெளிச்சந்தையில் விலை கூடிப்போய், ஆட்களுக்கு அதிகம் வேலை கொடுக்கும் தொழில்களே நசுங்கும்.

உழைப்பாளியின் கூலி உயரும் என்ற ஸ்டோல்பர், சாமுவேல்சன் கணக்கு ஏன் பல இடங்களில் பொய்த்தது என்றும் கேட்கலாம். லத்தீன் அமெரிக்காவில் வர்த்தகம் திறந்த பிறகு பல நாடுகளில் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் இடையிலான சம்பள வித்தியாசம் கூடியது. அந்த நாடுகள் அதுவரை வரி போட்டுக் காப்பாற்றி வந்தவற்றில் ஆடை, செருப்பு போன்ற, படிக்காதவர்கள் அதிகம் வேலை செய்த தொழில்கள் நிறைய இருந்தன. வரி போனதும் முதல் அடி அவர்களுக்கே. தவிர, மெக்சிகோவின் கூலி அமெரிக்காவோடு ஒப்பிட்டால் மலிவு. சீனாவோடு ஒப்பிட்டால் மலிவில்லை. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு இந்த நெருக்கடி இன்னும் இறுகியது. திறந்த சந்தை வழியாகப் புது இயந்திரங்களும் வந்தன. அவற்றை இயக்கப் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

வந்த வேலை நிலைக்குமா என்பது தனிக் கவலை. எத்தியோப்பியா தலைநகருக்குத் தெற்கே ஹவாசாவில் 2016இல் பெரிய தொழிற்பூங்கா ஒன்றைத் திறந்தது. அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கொடுத்த வரிச் சலுகையை நம்பித்தான் அங்கே ஆடை நிறுவனங்கள் வந்தன. தைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து இளம்பெண்கள். எத்தியோப்பியாவின் வடக்கே டிக்ரே பகுதியில் நடந்த உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா அந்தச் சலுகையை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. போரைத் தொடங்கியதிலோ நடத்தியதிலோ அந்தப் பெண்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஒரே சந்தை, ஒரே சலுகை, ஒரே பொருள் என்று நிற்கும் வேலைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

வேலையின் தரத்தைப் பற்றிப் பேசும்போது 2013 ஏப்ரல் 24ஐத் தாண்டிப் போக முடியாது. டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் முந்தைய நாளே விரிசல் விட்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்குள் அனுப்பப்பட்டார்கள். ஆர்டரைத் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். 1,134 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே பன்னாட்டு பிராண்டுகள், தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட ஆரம்பித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன. பாதுகாப்புக்குச் செலவு செய்தால் தொழிலே ஓடிவிடும் என்று அதுவரை சொல்லப்பட்டு வந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகு வங்கதேசத்தின் ஆடை ஏற்றுமதி வளர்ந்தது.

அப்புறம், அரசு என்ன செய்யலாம் என்ற கேள்வி வரும். என் கருத்து, வரியைக் குறைப்பதில் வரிசை முக்கியம்: மூலப்பொருளுக்கும் இயந்திரத்துக்கும் முதலில், ஆட்கள் அடர்ந்திருக்கும் தொழில்களுக்குக் கடைசியில், அதுவும் முன்கூட்டியே அறிவித்த கால அட்டவணையில். வேலை போனவருக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று ஆளை மட்டும் பார்க்காமல், அடி வாங்கிய ஊரையே பார்க்க வேண்டும். பிரேசில் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அப்படிப்பட்ட ஊருக்குச் சாலையும் மின்சாரமும் கடனும் போனால்தான் புது முதலாளி வருவார்.

ஆனால் கால அவகாசம் இருந்தால் மட்டும் போதாது. 1994 ஜனவரி 1 அன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்ட வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, மக்காச்சோளம் மெக்சிகோவுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தே அதற்கு 2008 வரை அவகாசம் வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரும் சோளத்துக்கு வரி போடலாம், அந்த வரி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். பதினைந்து ஆண்டுகளில் சிறு விவசாயி வேறு பயிருக்கோ வேறு தொழிலுக்கோ மாறிக்கொள்வார் என்பது திட்டம். நடந்தது வேறு. அளவுக்கு மேல் சோளம் வந்தபோதும் மெக்சிகோ அரசு அந்த வரியைப் பெரும்பாலும் வசூலிக்கவில்லை. விவசாயிகளுக்குக் கொடுத்த உதவித்தொகை ஹெக்டேர் கணக்கில் கொடுக்கப்பட்டதால் நிலம் அதிகம் வைத்திருந்தவருக்குத்தான் அதிகம் போனது. பெரிய வாய்க்கால் பாசனப் பண்ணைகள் சோளத்திலேயே விளைச்சலைப் பெருக்கிக்கொண்டன. மானாவாரியில் இரண்டு மூன்று ஹெக்டேர் வைத்திருந்தவர்களின் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வடக்கு எல்லையை நோக்கிக் கிளம்பினார்கள்.